பதினொன்றா, பத்தா, மின்டா?

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு லப்டொப் 2016 இல் வாங்கியது. ஐந்தாம் தலைமுறை இன்டெல் ஐ3 புரொசெசர், 4 ஜிபி றாம், பழைய சுழலும் ஹாட் டிஸ்க். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டதால், விண்டோஸ் பதினொன்றுக்கு மாறுவதா வேண்டாமா என்று இரண்டு கிழமையாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

"பதினொன்று போட்டுத் தரலாம் அண்ணை, ஒரு பிரச்சினையும் வராது" என்றார் கடைத் தம்பி. போடலாம்தான். ஆனால் மைக்ரோசொஃப்ட் அதற்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ தான் கேட்கிறது, நிறுவும்போது அதைச் சோதிக்கிறது. அந்தச் சோதனையைத் தாண்டவைத்து நிறுவினால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று அவர்களே உறுதி தருவதில்லை. அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்?

பத்திலேயே இருந்து, பதிந்துகொண்டு, 2026 ஒக்டோபர் 13 வரை அப்டேட் வாங்கும் வழியும் உண்டு. அது தவணை தள்ளுவது மட்டும்தான்.

எனக்குப் பயம் வேறு. இடப்பெயர்வில் எங்கள் அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. 2009க்குப் பிறகு கனடாவிலிருந்து மாமி தன்னிடமிருந்த படங்களை ஒவ்வொன்றாக ஸ்கான் பண்ணி அனுப்பினார், அம்மாவின் கல்யாணப் படம், முறிகண்டிப் பிள்ளையாரடியில் நான் கச்சான் சரையோடு நிற்கும் படம், எல்லாமே இந்த லப்டொப்புக்குள்தான். அதனால் எதைத் தொடுவதற்கும் முதல் இரண்டு பிரதி எடுத்தேன், ஒன்று வவுனியாவில் தங்கச்சி வீட்டில் இருக்கிறது.

பிறகு விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22ஐ இறக்கினேன். கிட்டத்தட்ட 3 ஜிபி. 2029 வரை அதற்கு அப்டேட் உண்டு, காசும் இல்லை. நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பது பெரிய நிம்மதி. மாதர் சங்கக் கடிதங்களை மனைவி பாமினி எழுத்துருவில்தான் அடிப்பார், அது ஓடாவிட்டால் எல்லாம் வீண். எழுத்துருவைப் போட்டதும், வேர்ட் மாதிரியான லிப்ரே ஒபிஸில் பழைய கடிதங்கள் திறந்தன, அட்டவணைகள் மட்டும் கொஞ்சம் விலகி நின்றன. ஒரு கிழமை அடித்துப் பார்த்துவிட்டு "சரி, இதையே போடுங்கோ" என்றார்.

புதிதாக ஒரு எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) வாங்கி அதில் மின்ட் போட்டேன். பற்றரி செத்துப்போனதால் கரண்ட் இடையில் போனால் என்று பயந்து பக்கத்து வீட்டு யூபிஎஸ்ஸை இரவல் வாங்கித்தான் நிறுவினேன். பழைய ஹாட் டிஸ்க்கை அழிக்கவில்லை. விண்டோஸ் 10 அப்படியே இருக்க, துணியில் சுற்றி அலுமாரியில் காணி உறுதியோடு வைத்திருக்கிறேன்.