புரோஜெஸ்டிரான் கேப்சூலும் என் இரவுகளும்

மாதவிடாய் தாறுமாறாகி, நடுராத்திரியில் வியர்த்துக் கொட்டி, தூக்கமே கெட்டுப்போன காலத்தில் டாக்டர் ஈஸ்ட்ரோஜன் ஜெல் எழுதிக்கொடுத்தார். கூடவே 28 நாளில் 12 நாள் மட்டும், இரவில் போட 200 மில்லிகிராம் புரோஜெஸ்டிரான் கேப்சூல். வியர்வைக்கு ஜெல், அந்த ஜெல்லால் கருப்பையின் உட்சுவர் தடித்துப்போய்ப் பின்னாளில் புற்றுநோயில் கொண்டுவிடாமல் இருக்கக் கேப்சூல். "என்ன தொந்தரவு வந்தாலும் ஜெல்லைப் போட்டுக்கிட்டே கேப்சூலை மட்டும் நிறுத்திடாதீங்க, என்கிட்ட வாங்க" என்று முதலிலேயே அழுத்திச் சொல்லிவிட்டார்.

மருந்துக்கடையில் வேர்க்கடலை அலர்ஜி உண்டா என்று கேட்டார்கள். சில கேப்சூல்களுக்குள் இருப்பது கடலை எண்ணெயாம்.

இயற்கை ஹார்மோன்தானே, ஒன்றும் செய்யாது என்று தெரிந்தவர்கள் தைரியம் சொன்னார்கள். தாவரப் பொருளிலிருந்து ஆய்வகத்தில் தயாரித்தாலும், கிடைப்பது நம் சினைப்பை சுரக்கும் அதே புரோஜெஸ்டிரான்தான், உண்மை. ஆனால் சொந்தச் சரக்கே மாதவிடாய்க்கு முந்தைய வாரம் நம்மைப் படுத்தி எடுக்கிறதே, வெளியிலிருந்து வருவது மட்டும் சும்மா இருக்குமா?

இருக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கேப்சூலைப் போட்டு, பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருக்கும்போதே தலை கிறுகிறுத்தது. கண் சொருகியது. பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். காலையில் எழுந்த பிறகும் மந்தம் விடவில்லை; வண்டிச் சாவியைத் தொடவே பயம். அடுத்த சில நாளில் வயிறு உப்பி, மலச்சிக்கல் வந்து, மார்பு கனத்து வலித்தது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காரணமே இல்லாமல் அழுகை முட்டிக்கொண்டு வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. கேப்சூல் முடிந்து உதிரப்போக்கு வந்ததும் அத்தனையும் வடிந்துவிடும். அடுத்த சுற்றில் மறுபடி ஆரம்பிக்கும்.

டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்ட உடனே போடுறீங்களா?" உணவோடு போனால் மருந்து ரத்தத்தில் கூடுதலாக ஏறுமாம். விழுங்கும் புரோஜெஸ்டிரானில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைக்கிறது. அப்போது உண்டாகும் அல்லோபிரெக்னனோலோன் என்ற பொருள், பல தூக்க மருந்துகள் மூளையில் எதைத் தூண்டுகின்றனவோ அதையேதான் தூண்டுகிறது. கிறுகிறுப்புக்குக் காரணம் அது. சிலருக்கு மனசு அலைக்கழிவதிலும் அதற்குப் பங்குண்டு என்றார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கையில் உட்கார்ந்துகொண்டு போடச் சொன்னார். கிறுகிறுப்பு பாதியாகக் குறைந்தது. அழுகை குறையவில்லை.

அடுத்து, அதே கேப்சூலைப் பிறப்புறுப்பு வழியாக வைக்கச் சொன்னார். கல்லீரல் வழியாகச் சுற்றிப் போகாமல் கருப்பைக்கே நேராகக் கிடைக்குமாம். மனசு தெளிந்தது. பதிலுக்குக் காலையில் எண்ணெய்ப் பிசுக்கோடு வெள்ளையாகக் கசியும். பேட் இல்லாமல் வெளியே கிளம்ப முடியாது. இன்னொன்றை நான் எதிர்பார்க்கவே இல்லை. தூக்கம் போயிற்று! இத்தனை நாள் திட்டித் தீர்த்த அந்த மயக்கம்தான் என்னைத் தூங்கவும் வைத்திருக்கிறது.

மாதவிடாய் முழுசாக நின்று ஒரு வருடம் தாண்டியதும், இடைவெளி விடாமல் தினமும் இரவில் 100 மில்லிகிராம், வாய் வழியாகவே, என்று மாற்றிக்கொடுத்தார். அளவு பாதி என்பதாலா, ஏற்ற இறக்கம் இல்லாததாலா, அழுகை திரும்பவில்லை. தூக்கம் மட்டும் திரும்பி வந்தது. உப்புசம் லேசாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். என்னைக் கேட்டால், கேப்சூல் நாட்களில் மனநிலையைத் தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்ததுதான் பெரிய உதவி. "என்னமோ மாதிரி இருக்கு" என்று சொல்வதைவிட அந்தப் பக்கத்தைக் காட்டியதும் டாக்டருக்குச் சட்டென்று புரிந்தது.

இப்போது அவ்வப்போது லேசாகக் கறை படுகிறது. புது முறைக்கு மாறிய முதல் சில மாதங்கள் அப்படித்தான் இருக்கும். ஆறு மாதம் தாண்டியும் நிற்காவிட்டாலோ, நின்ற பிறகு மறுபடி வந்தாலோ ஸ்கேன் எடுத்துக் கருப்பை உட்சுவரைப் பார்த்தாக வேண்டும் என்றிருக்கிறார். கால் ஒரு பக்கமாக வீங்கி வலித்தாலோ, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீர்ப் பார்வைக் குறைவு வந்தாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.