பூலாங் மலையின் கசப்பு

ஷெங் பூஅர் என்பது சீனாவின் யுன்னானில் இலையை வில்லையாக அழுத்தி, ஆண்டுக்கணக்கில் வைத்துப் பழக்கும் தேயிலை. அதை இளசாக வாங்கியவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, "தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றுங்கள், கசப்பு அடங்கும்" என்பதுதான். புதிதாக ஒரு வில்லையை உடைக்கும்போது நான் அப்படிச் செய்வதில்லை. தளதளவென்று கொதிக்கிற தண்ணீர்தான். அதன் கசப்பு எப்படிப்பட்டது என்று தெரியாமல் அந்த இலையைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

இப்போது உடைத்திருப்பது போன வசந்தத்தில் பறித்த லாவோ மானெ. யுன்னானின் தென்பகுதியான சிஷுவாங்பன்னாவில், பூலாங் மலைமேல் பூலாங் மக்கள் வாழும் பழைய ஊர் அது. கசப்புக்கென்றே பெயர்பெற்றது. 357 கிராம் வில்லையின் ஓரத்தில் ஊசியைச் செருகி, இலை நொறுங்காமல் 7 கிராம் நெம்பி எடுத்தேன். 100 மில்லி கைவானுக்கு, அதாவது மூடியுள்ள தேநீர்க் கிண்ணத்துக்கு, இது தாராளம்தான். ஒரு தடவை அலசிக் கொட்டிவிட்டு மூடியை முகர்ந்தால் வெயிலில் காய்ந்த புல் வாசம், அதற்கு அடியில் லேசாகத் தேன்.

முதல் ஊற்றில் இலை ஐந்து விநாடி ஊறியது. வெளிர் மஞ்சள் நிறம். கசப்பு நாக்கின் நடுவில் இறங்கி அடிநாக்கு வரை போனது. அடுத்ததில் இன்னும் ஓங்கியது. மூன்றாவதைக் கண்ணை இறுக்கிக்கொண்டுதான் விழுங்கினேன். ஆனால் துவர்ப்பு மிகக் குறைவு. கன்னத்தின் உட்புறம் இழுக்கவில்லை, வாய் வறளவில்லை. கசப்பையும் துவர்ப்பையும் ஒன்றாகப் பார்க்கிறவர்கள் இந்த இடத்தில்தான் நல்ல தேயிலையைத் தள்ளிவிடுகிறார்கள்.

கசப்பு கரைகிறதா, ஒட்டிக்கொண்டு நிற்கிறதா? எனக்கு அதுதான் கேள்வி. விழுங்கிவிட்டு, கிண்ணத்தைக் கீழே வைத்து, வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். அதே மலையின் லாவோ பன்சாங் ஊர்த் தேயிலையில் கசப்பு சட்டென்று விலகும் என்பார்கள். இது அப்படி இல்லை, நன்றாகக் காக்க வைத்தது. பிறகு நாக்கின் இரு ஓரங்களிலும் எச்சில் சுரந்தது, தொண்டையிலிருந்து குளிர்ச்சியாக ஓர் இனிப்பு மேலே வந்தது. சீனர்கள் ஹுய்கான் என்பது இதைத்தான். அது போய்விடுமே என்று அடுத்த ஊற்றைத் தள்ளிப்போட்டேன்.

இலையைச் சட்டியில் வதக்கி, உருட்டி, வெயிலில் காயவைத்து, ஆவியில் இளக்கி அழுத்துகிறார்கள். இளம் வில்லையில் கசப்பும் துவர்ப்பும் தரும் கேட்டகின்கள் என்ற பொருட்கள் நிறையவே மிஞ்சியிருக்கும், கஃபீனும் சேர்ந்து கசக்கும். ஆண்டுகள் போகப் போக கேட்டகின்கள் குறைந்து, சாறு கருத்து, கசப்பு தணியும். அந்தக் காத்திருப்பைச் சுருக்கத்தான் 1973-இல் குன்மிங் தேயிலை ஆலையில் இலையை நனைத்துக் குவித்து முதிர்விக்கும் ஷோ முறையை உருவாக்கினார்கள். ஷோவையும் விரும்பிக் குடிப்பவன்தான் நான். ஆனால் ஷெங்கை இருபது வருடம் தொடவே கூடாது என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இளமையிலேயே தொண்டைக்கு ஒன்றும் தராத இலையை நம்பி எதற்கு அத்தனை வருடம் காப்பது?

வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம், குமட்டும்.

எட்டாவது ஊற்றுக்கு மேல் கசப்பு பின்வாங்கி, தெளிந்த இனிப்புத் தண்ணீராக வந்துகொண்டே இருந்தது. மீதி வில்லையை உறையில் சுற்றி, வேறு வாசனை அண்டாத அலமாரியில் வைத்திருக்கிறேன். வசந்தத்துக்கு ஒரு தடவை, இதே அளவில், இதே கொதிநீரில் போட்டு, கசப்பு கரைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று குறித்துவைக்கப் போகிறேன்.