துடுப்புக் கூலியும் சொல்லுக்கான கூலியும்

சிதம்பரம் அருகே உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகில் போகும்போது, மரங்களின் பெயர் தெரியாதவருக்கு இரு கரையும் ஒரே பச்சைதான். ஆயிரம் ஹெக்டேருக்கும் மேல் விரிந்த அந்தக் காட்டை மரம் மரமாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் படகோட்டி. அவர் வாயில் புழங்கும் சொற்களுக்குச் சந்தை மதிப்பு உண்டு. வெளியூரிலிருந்து ஆங்கிலம் பேசும் வழிகாட்டியைக் கூட்டி வந்தால் அந்தப் பணமும் அவரோடு வெளியூர் போய்விடும். படகோட்டிக்கு மிஞ்சுவது துடுப்புக் கூலி.

'மாங்குரோவ்' என்று பலகை எழுதுவதில் என்ன லாபம்? அலையாத்தி என்ற சொல்லிலேயே அந்தக் காட்டின் வேலை இருக்கிறது: அலையை ஆற்றுவது. 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைந்தது. இந்த ஒரு சொல்லை விளக்கினாலே காட்டை ஏன் வெட்டக்கூடாது என்பது பயணிக்குப் புரிந்துவிடும்.

பெயர் தெரியாவிட்டால் ஆபத்தும் உண்டு. வெண்கண்டல் இலையின் மேல் உப்பு பூத்திருக்கும். விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். குழந்தைகள் மறக்கவே மாட்டார்கள். அதே காட்டில்தான் தில்லையும் நிற்கிறது. அதன் இலையைக் கிள்ளினால் வடியும் பால் தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. ஆகவே, எந்த இலையைத் தொடலாம் என்று படகோட்டி காட்டிய பிறகுதான் கை நீள வேண்டும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

படகோட்டிகளையே வழிகாட்டிகளாக்கும் பயிற்சியை இப்படித் தொடங்கலாம். முதலில் படகோட்டிகள் பேசுவதை அவர்கள் பேச்சிலேயே பதிவு செய்யுங்கள். ஒரே பெயரை இரண்டு மரத்துக்குச் சொல்வதும் உண்டு, அதனால் வனத்துறையினரோடு சரிபார்த்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள். ஒரு மணி நேரச் சவாரிக்கு எட்டுச் சொற்கள் போதும், நிறுத்தம் நான்கு. சுரபுன்னை மரத்தைத் தாங்கி நிற்கும் முட்டுவேரை எப்போதும் காட்டலாம். சேற்றிலிருந்து மேலே நீட்டி நிற்கும் வெண்கண்டலின் மூச்சுவேருக்கு நீர் வற்றும் நேரம் வேண்டும். மோட்டார் இரைச்சலில் பேச்சு எடுபடாது. குறுகிய கால்வாய்க்குள் நுழையும் துடுப்புப் படகில்தான் இது நடக்கும்.

பெரும்பாலும் சொதப்புவது ஆங்கிலப் பாடத்தில்தான். நீண்ட பத்தியை மனப்பாடம் செய்தவர் பயணி குறுக்கே ஒரு கேள்வி கேட்டதும் திணறிப்போவார். சொல்லுக்கு ஒரு குட்டி ஆங்கில வாக்கியம், அதையும் தமிழ் எழுத்திலேயே எழுதிக் கொடுங்கள். முதலில் தமிழ்ப் பெயர், பிறகு விளக்கம். வரிசை மாறினால் பெயர் காதில் நிற்காது. கரை இறங்கும்போது பயணிக்கு மூன்று பெயராவது நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

காசு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். விளக்கக் கட்டணத்தை ரசீதில் தனி வரியாகப் போட்டு, அன்றன்றைக்கே படகோட்டியிடம் கொடுத்துவிட வேண்டும். படகுக் கட்டணத்தோடு கலந்துவிட்டால் பயணி அதைப் படகுக்கான பணம் என்றே நினைப்பார், படகோட்டிக்கும் அடுத்த சவாரியில் வாய் திறக்கத் தோன்றாது.