மாரியம்மன் சுவரில் ஒரு சேற்றுக்கோடு

இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கிய அன்றுதான் நானும் அத்தையும் மாத்தளைக்குப் புறப்பட்டோம். பங்குனித் திருவிழாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. கோயில் ஆற்றோரத்தில் இருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள் அதற்கு மேலே. 2025 நவம்பர் 28 விடிவதற்குள், தித்வா புயல் மழையில், ஆறு கரைமீறி வந்து, கர்ப்பக்கிருகம் வரைக்கும் சேற்றைக் கொட்டிவிட்டுப் போனது. சேற்றை வெட்டி அள்ளிவிட்டோம். சுவரில் மட்டும், என் நெஞ்சளவில், ஒரு கோடு தங்கிவிட்டது. கோட்டுக்குக் கீழே தேயிலைக் குச்சிகளும் சருகும் ஒட்டிக்கொண்டு காய்ந்திருந்தன. ஓரிடத்தில் ஒரு பிள்ளையின் அப்பியாசக் கொப்பித் தாள் சுவரோடு சுவராகப் படிந்து கிடந்தது. ஏழாம் வாய்ப்பாடு. ஏழெட்டு ஐம்பத்தாறு வரை எழுத்து தெரிந்தது.

வெள்ளையடிக்கும் தம்பி சுண்ணாம்பு வாளியோடு அந்தப் பக்கம் நகர்ந்தார்.

"தம்பி, இந்த ஒரு சுவரை மட்டும் நான் திரும்பி வரும்வரை விட்டுவையுங்கள்" என்றேன்.

"திருவிழாவுக்கு அசிங்கமாக இருக்குமே, ஐயா."

அவர் சொன்னதில் தவறில்லை. கோயில் என்றால் பளிச்சென்று இருக்க வேண்டும் என்றுதான் நாமெல்லாம் வளர்ந்திருக்கிறோம். ஆனாலும் அந்தச் சுண்ணாம்பு வாளியைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முழுதாக மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அத்தைக்கு மாத்தளை முத்துமாரியம்மனுக்கு மாவிளக்கு போடும் நேர்த்தி. மாசி மகத்தை ஒட்டிய பஞ்சரத பவனிக்கு அங்கே கால் வைக்க இடமிருக்காது, அவருக்கோ முழங்கால் வலி. அதனால் கூட்டம் சேர்வதற்கு முன்பே போய்வரலாம் என்று கிளம்பினோம். இறம்பொடையிலிருந்து பஸ் இறங்க இறங்க, ஜன்னலோரத்தில் மலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தோம். பச்சைத் தேயிலைச் சரிவுகளில் மேலிருந்து கீழ்வரை செம்மண் உரிந்து கிடந்தது. அதை 'வடு' என்று எழுதுகிறார்கள். வடு என்றால் புண் ஆறியிருக்க வேண்டும்; இது ஆறவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் முதல் சரிவைக் கடக்கும்போது பேச்சை நிறுத்தினார்கள். மூன்றாவது சரிவைக் கடக்கும்போது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. புசல்லாவையில் ஏறிய பிள்ளைகள் கைபேசியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பார்த்துக்கொண்டே இருந்தால் எப்படி அன்றாடம் பாடசாலைக்குப் போக முடியும்?

கம்பளையைத் தாண்டும்போதுதான் அத்தை வாய் திறந்தார்.

"மலைக்குப் புயல் வராது என்று சொல்லித்தானே உன் அப்பா எங்களைத் திரும்ப இங்கே கூப்பிட்டார்" என்றார்.

அந்தக் கதை எனக்குத் தெரியும். ஆனால் அவர் வாயால் முழுதாகக் கேட்டதில்லை. தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தைவிட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் போன பல குடும்பங்களைப் போல அத்தையும் மாமாவும் மட்டக்களப்புப் பக்கம் போனார்கள். ஓலைக்கொட்டில் போட்டு ஒரு வருடம்தான் இருந்தார்கள். 1978 நவம்பர் 23 வந்தது. கிழக்கில் இன்றும் அதற்குப் பெயர் 'எழுபத்தெட்டுச் சூறாவளி'. 900க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, இலட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். அத்தைக்கு அப்போது வயது இருபது.

"காற்று அடித்து அடித்துப் பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டது. இலைகூட அசையவில்லை. முடிந்தது என்று நினைத்து வெளியே வந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் கூரைத் தகரத்தைத் தேடி வெகுதூரம் போய்விட்டார். அப்புறம்தான் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. முதலில் வந்ததைவிடப் பெரிதாக."

அதுதான் சூறாவளியின் கண். சுழலும் காற்றின் நடுவில் ஒரு வெற்றிடம் போன்ற அமைதி. அது நம் தலைக்கு மேல் கடந்துபோகும் வரைக்கும்தான் அந்த அமைதி. கண் கடந்ததும் மறுபாதிச் சுழற்சி எதிர்த்திசையிலிருந்து அறையும். அத்தைக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை என்பது மட்டும்தான் அவர் சொல்லவேண்டியிருந்தது. விடிந்து பார்த்தபோது தோப்பிலிருந்த தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருந்ததாம், சீப்பால் வாரிவிட்டதுபோல.

அடுத்த மாதமே மலைக்குத் திரும்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு நாற்பத்தேழு வருடம், வானொலியில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று சொல்லும்போதெல்லாம் அத்தை எழுந்து சாமி விளக்கை ஏற்றிவிட்டு, "பாவம், கரையோரத்துச் சனங்கள்" என்பார். நாங்களும் அப்படித்தான். புயல் கடற்கரைக்காரர்களின் துன்பம். நமக்கு மழை, குளிர், இரண்டு நாள் வேலை இல்லாமை, அவ்வளவுதான்.

தித்வா அந்த எண்ணத்தைத்தான் முதலில் அடித்துக்கொண்டு போனது. அது பெருங்காற்றுப் புயல் அல்ல. கிழக்குக் கரையில் ஏறி, அவசரமில்லாமல் தீவின் மேலேயே ஊர்ந்து, கடலிலிருந்து அள்ளிய நீரையெல்லாம் மலைகளின் மேல் கொட்டியது. மலை மறித்தால் மேகம் உயர்ந்து குளிர்ந்து பெய்துதானே ஆகவேண்டும். சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கும் மேல். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அலைக்குப் பலியானவர்கள் அல்லர். கண்டியிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் மண்ணுக்குள் போனவர்கள். எங்கள் லயத்துக்கு எச்சரிக்கை வந்தது உண்மை. ஆனால் நாங்கள் வாசிக்கக்கூடிய மொழியில் அது வந்து சேர்ந்தபோது ஆறு கோயில் படியில் நின்றது.

மாத்தளையில் இறங்கியதும் அத்தை தெருவிலிருந்தபடியே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். 108 அடி இராஜகோபுரம். ஒரு மரத்தடியில் சிறு சிலையாக இருந்த அம்மன் இவள். எங்கள் முன்னோர் தமிழகத்துக் கரையில் தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நாள்கணக்கில் நடந்து, காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் கூட வந்தவர்களை வழியோரம் விட்டுவிட்டு, மலையேறுவதற்கு முன் வந்து சேர்ந்த இடம் மாத்தளை. கடலைத் தாண்டி உயிரோடு வந்தவர்களின் முதல் கும்பிடு இங்கே விழுந்திருக்கிறது. இந்தக் கோயிலுக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு உப்புக்காற்று அடிப்பதுபோல் இருக்கும்.

என் தாத்தா பிற்காலத்தவர். அவர் தனுஷ்கோடியில் கோச்சியைவிட்டு இறங்கி, கப்பலேறித் தலைமன்னாருக்கு வந்தவர். 1964 டிசம்பர் 22 இரவு எழுந்த புயல் அந்த ஊரையே எடுத்துக்கொண்டது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. துறையும் நிலையமும் போயின. ஊர் இனி மனிதர் வாழத் தகாதது என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு இரண்டு மாதம்கூட முன்னதாக இல்லை, அக்டோபர் 30இல்தான் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, எங்கள் மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவாகியிருந்தது. வானொலியில் செய்தி கேட்ட தாத்தா, "நான் வந்த பாதையே போய்விட்டதே" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாராம். இன்றைக்கு எங்கள் தோட்டத்தில் தனுஷ்கோடி என்றால் இராமர் பாலம் என்பார்கள், சுற்றுலாப் படம் காட்டுவார்கள். அந்த ரயிலைச் சொல்ல ஆளில்லை. தாத்தா இறந்த பிறகு நானும் பல வருடம் சொல்லவில்லை.

மண்டபத்தின் ஓரத்தில் அத்தை உட்கார்ந்து மாவிளக்கு பிசைந்தார். ஊறவைத்து இடித்த பச்சரிசி மாவு, வெல்லம், ஏலக்காய். உள்ளங்கையில் உருட்டி, பெருவிரலால் நடுவில் குழித்து, நெய் விட்டுத் திரி போட்டார். குழி வெடிக்காமல் இருக்க ஓரத்தை ஈரவிரலால் தடவித் தடவி மூடினார். எண்ணினேன், ஏழு விளக்கு. எங்கள் தோட்டத்தில் அன்று போனவர்கள் ஏழு பேர். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அர்ச்சனைத் தட்டை நீட்டியபோது குருக்கள், "யார் பெயருக்கு, அம்மா?" என்றார்.

"எங்கள் மலைக்கு, சாமி."

குருக்கள் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?"

"கார்த்திகை என்று சொல்லுங்கள். அந்த மாதத்தில்தான் சரிந்தது."

அவர் மறுபேச்சு பேசவில்லை. மணி ஒலிக்க, மலையின் பெயரைச் சொல்லி, கார்த்திகை நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தார். அந்தக் குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது. அந்த மனிதருக்குப் பெரிய புண்ணியம்.

மாரி என்றாலே மழைதான். வெயில் காய்ந்து கொழுந்து வற்றும்போது, அரைநாள் கூலியான அரைப்பேர்தான் விழுகிறது என்று பெண்கள் அழும்போது, மழை கேட்டுத் தாலாட்டுப் பாடி இவளைத்தான் எழுப்புகிறோம். அதே தாய் அன்று இரவு வந்தாள். இதை அம்மனின் கோபம் என்று சொல்லிக் கடந்துபோகிறவர்களோடு எனக்கு ஒருபோதும் உடன்பாடு கிடையாது. நீரோடும் ஓடைக்குக் குறுக்கே லயம் கட்டியவள் அவளா? மலையின் அடிவாரத்தை வெட்டியவள் அவளா? கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று வருடங்களுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. தப்பியவர்கள் பழைய தேயிலை ஆலையொன்றில் வருடக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். அன்று நாட்டில் அழாதவர் இல்லை. பதினொரு வருடம் கழித்து, அதே மாதிரிச் சரிவுகளின் கீழே அதே மாதிரி லயங்களில் நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம்.

இந்திர விழாவை அரசன் எடுக்க மறந்ததால் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்பது நம் பழங்கதை. சிறு வயதில் அதைத் தெய்வக்குற்றமாகத்தான் படித்தேன். மாத்தளைப் பிரகாரத்தைச் சுற்றும்போது வேறு மாதிரிப் புரிந்தது. விழா என்பது ஊர் தன்னைத்தானே எண்ணிப் பார்க்கும் நாள். யார் இருக்கிறார், யார் இல்லை, எது உடைந்திருக்கிறது என்று வருடத்துக்கொரு முறை எல்லோரும் கூடிப் பார்ப்பது. அதை விட்ட ஊருக்குக் கடல் வருவது தெரியாமல் போகத்தானே செய்யும்.

நினைவில் வைத்த ஊர்களும் இருக்கின்றன. ஒடிசாவில் 1999 அக்டோபர் புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். அந்த மாநிலம் அதை விடவில்லை. கரையெங்கும் புயல் காப்பிடங்கள் கட்டியது, கிராமம் கிராமமாகப் பயிற்சி கொடுத்தது. 2013இல் பைலின் புயல் வந்தபோது ஏறத்தாழ 10 இலட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். பலி சில பத்துகளோடு நின்றது.

நமக்கும் முடியாததல்ல. 2023இல் எங்கள் முன்னோர் மலையகம் வந்த 200 வருடத்தை நினைத்து, தலைமன்னாரிலிருந்து இதே மாத்தளை வரை 16 நாள் நடந்தார்களே! யாரும் கல்வெட்டு வைக்காத பாதையைக் காலால் நினைவுபடுத்தினார்கள். நானும் கடைசி இரண்டு நாள் நடந்தேன். அந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மாதங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். ஒடிசாவும் மீரியபெத்தையும் ஐப்பசி. மட்டக்களப்பும் தித்வாவும் கார்த்திகை. தனுஷ்கோடி மார்கழி. நடுவில் நிற்பது திருக்கார்த்திகை. எந்த வீட்டிலும் அன்று விளக்கேற்றச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2025இல் மட்டும் எங்கள் லயங்களில் ஏற்றவில்லை. நாங்கள் பாடசாலைக் கட்டடத்தில், இடைத்தங்கல் முகாமில் இருந்தோம்.

அன்று மாலையே கோயில் கமிட்டியில் பேசினேன். கோடு இருக்கட்டும், ஒவ்வொரு திருக்கார்த்திகைக்கும் அந்தக் கோட்டின் கீழே ஏழு விளக்கு வைப்போம், அன்றே எல்லோரும் மேலே பாடசாலைக்கு ஏறும் வழியை ஒருமுறை நடந்து பார்ப்போம் என்றேன். சிலர் முகம் சுளித்தார்கள். திருவிழா வீட்டில் இழவுச் சின்னமா என்றார் ஒரு பெரியவர். அவருடைய பேத்தி அந்த ஏழு பேரில் ஒருத்தி. அவருக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அத்தைதான் எழுந்தார். மாத்தளையிலிருந்து கொண்டுவந்த குங்குமத்தை மஞ்சள் நீரில் குழைத்து, சுவரருகே போய், சேற்றுக்கோட்டின் மேல் ஒரு முனையிலிருந்து விரலால் இழுக்கத் தொடங்கினார். முழங்கால் வலியோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து நகர்ந்தார். கொப்பித்தாள் ஒட்டியிருந்த இடம் வந்தபோது அதைத் தொடாமல் அதற்கு மேலாக விரலை வளைத்தார். பெரியவர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய் அத்தையின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிப் பிடித்துக்கொண்டு, கூடவே நடந்தார்.

வெள்ளையடிக்கும் தம்பி வாளியை அடுத்த சுவருக்கு எடுத்துப் போனார். இரண்டு பிள்ளைகள் ஓடிவந்து கோட்டுக்குக் கீழே முதுகை ஒட்டி நின்று, யார் உயரம் என்று பார்த்துக்கொண்டார்கள். மூத்தவனுக்கே கோடு தலைக்கு மேல் ஒரு சாண் இருந்தது.