மணி கோத்த உள்ளங்கால்

அருங்காட்சியகம் ஒன்றின் சேமிப்பறையில் தோல் பொருள்களைப் பராமரிக்கும் பணியில் இருந்தபோது, வட அமெரிக்கப் பழங்குடியினரான லகோட்டா மக்களின் குழந்தைக் காலணி ஒரு சோடியைப் பட்டியலிடும் பொறுப்பு என்னிடம் வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்தக் காலணியின் மேற்புறம் மட்டுமன்றி, தரையில் படும் அடிப்புறமும் பாசிமணியால் நிறைந்திருந்தது. பழைய அட்டையில் ‘அடக்கக் காலணி’, அதாவது இறந்த குழந்தைக்கு அணிவித்துப் புதைப்பது, என்றிருந்தது. நடக்கப் போகிற காலுக்கு அடியில் மணி தைப்பார்களா என்று எனக்கும் தோன்றியதால், அதையே எழுதிவைத்தேன்.

சில மாதங்களுக்குப் பின், தாமே மணி தைப்பவரான முதிய பெண்மணி ஒருவர், லகோட்டா மக்களின் ஒதுக்கிடமான பைன் ரிட்ஜிலிருந்து வந்தார். முற்காலத்தில் தோலைப் பூச்சி அரிக்காதிருக்க ஆர்சனிக் பூசுவது அருங்காட்சியகங்களின் வழக்கம் என்பதால், தம் முன்னோரின் கைவேலையை அவர் கையுறை அணிந்தே தொட வேண்டியிருந்தது. அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. உருப்பெருக்கியால் அடிப்புறத்தை நெடுநேரம் பார்த்தவர், குதிகால் ஓரத்தில் தோல் நைந்திருந்ததையும், ஓரிடத்தில் தையலின் தசைநார் இழை அறுந்து மறுபடி தைக்கப்பட்டிருந்ததையும் காட்டினார். இதை அணிந்த குழந்தை உயிருடன் இருந்தது. செல்லப் பிள்ளையைச் சிறப்பிக்க இப்படித் தைப்பது எங்கள் வழக்கம் என்றார்.

அதன் பிறகே அந்த வேலைப்பாட்டை நான் ஒழுங்காகப் பார்த்தேன். விலங்கின் முதுகுத் தசைநாரைப் பிரித்து ஈரப்படுத்தி முறுக்கிய இழையில் ஏழெட்டு மணிகளைக் கோத்து, வரிசையின் இரு முனைகளில் மட்டும் தோலோடு பிணைத்திருந்தார்கள். ஊசி தோலைத் துளைத்து மறுபுறம் வராமல் பாதித் தடிமனிலேயே திரும்பியிருந்ததால், பிஞ்சுக் காலில் ஒரு தையல்கூட உறுத்தியிருக்காது. இந்த அக்கறை கைத்திறன் மட்டுமன்று, தாய்மை என்றே எனக்குப் பட்டது.

இத்தகைய காலணிகள் பெருகிய காலத்தை எண்ணும்போது மனம் கனக்கிறது. 1880களின் தொடக்கத்திலேயே காட்டெருமைக் கூட்டங்கள் ஏறக்குறைய அழிக்கப்பட்டு, மக்கள் அமெரிக்க அரசு தரும் மாட்டிறைச்சியை நம்பியிருந்தார்கள். தசைநாரும் அந்த மாடுகளிலிருந்தே கிடைத்தது. பழங்குடிப் பிள்ளைகளை அவர்களுடைய பண்பாட்டிலிருந்து மாற்றுவதற்காக 1879இல் திறக்கப்பட்ட கார்லைல் உறைவிடப் பள்ளிக்கு முதலில் கொண்டுபோகப்பட்டவர்களில் ரோஸ்பட், பைன் ரிட்ஜ் ஒதுக்கிடங்களின் பிள்ளைகளும் உண்டு. அங்கே அவர்களுடைய தலைமுடி வெட்டப்பட்டது, உடை மாற்றப்பட்டது. 1883இல் அவர்களுடைய புனிதச் சடங்கான சூரிய நடனம் தடைசெய்யப்பட்டது. 1889இல் அவர்களுடைய பெருநிலம் துண்டாடப்பட்டது. அதே ஆண்டுகளில்தான் தொட்டில் உறை, குல்லாய், காலணி என்று பிள்ளையின் மேனியில் படுவன எல்லாம் இடைவெளியின்றி மணியால் மூடப்பட்டன. தொப்புள்கொடியை வைத்துத் தைத்த ஆமை வடிவப் பையும் அப்படியே; எளிதில் சாகாத ஆமையைப் போலப் பிள்ளை நெடுநாள் வாழ வேண்டும் என்பது அதன் வேண்டுதல். முகாமுக்கு முகாம் பெயர்ந்து வாழ்வது நின்றதால் ஓய்வு கிடைத்தது, அதனால் தைத்தார்கள் என்ற விளக்கம் எனக்குப் போதவில்லை.

நான் பட்டியலைத் திருத்தினேன். காலணியை விற்ற வணிகரின் பெயரும் வாங்கியவரின் பெயரும் அட்டையில் தெளிவாக இருந்தன. தைத்தவர் என்ற கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்றிருந்ததை அடித்துவிட்டு, ‘லகோட்டாப் பெண், பெயர் கேட்டு எழுதப்படவில்லை’ என்று எழுதினேன்.