கடைசி வரிசையில் போய் உட்காருடா

இங்கே மெல்பர்னில் எங்கள் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டார். பள்ளிக்கூடத்து வேப்பமரம், மணி அடிக்கும் தாத்தா, வாசலில் விற்ற நெல்லிக்காய் என்று எல்லாவற்றையும் போன மலர்களிலேயே எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் இருப்பது என் மானம் போன கதை ஒன்றுதான்.

1983, ஒன்பதாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் இலக்கிய மன்றம். சோழவந்தானிலிருந்து பாசஞ்சர் ரயிலில் மதுரைக்கு வந்து படித்த கூட்டத்தில் நானும் ஒருவன். எங்களுக்கு டவுன் பையன்களைக் கண்டாலே கொஞ்சம் கூச்சம். அன்றைக்கு எனக்குக் கொடுத்திருந்த வேலை, திருக்குறளில் அவையஞ்சாமை அதிகாரத்தின் பத்துக் குறளையும் ஒப்பிப்பது. சபையைக் கண்டு பயப்படக் கூடாது என்று சொல்லும் அதிகாரம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ரயிலில் சொல்லிப் பார்த்தேன், வைகைக் கரையில் சொல்லிப் பார்த்தேன், தூக்கத்தில்கூடச் சொன்னதாக அம்மா சொன்னார். மேடை ஏறியதும் முதல் அடி கணீரென்று வந்தது. ‘வகையறிந்து வல்லவை வாய்சோரார் சொல்லின்’. அடுத்த அடி, ‘தொகையறிந்த தூய்மை யவர்’. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். முந்தைய அதிகாரமான அவையறிதலின் முதல் குறளும் இதே இரண்டாம் அடியில்தான் முடிகிறது. நாக்கு அந்தப் பக்கத் தண்டவாளத்தில் ஏறிவிட்டது. ‘இடைதெரிந்து நன்குணர்ந்து’ என்று 712ஆம் குறளைச் சொன்னேன், 713ஐயும் சொன்னேன். ‘ஒளியார்முன் ஒள்ளிய ராதல்’ என்று 714ஐத் தொடங்கும்போது முதல் பெஞ்சில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். நான் வேறு அதிகாரத்தில் நிற்பது அப்போதுதான் உறைத்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முழங்கால் இரண்டும் தனித்தனியாக ஆடின. இறங்கி வந்து உட்கார்ந்தேனா, ஓடி வந்து உட்கார்ந்தேனா, நினைவில்லை.

தமிழ் ஐயா எல்லோர் முன்னாலும் ஒன்றும் சொல்லவில்லை. மணி அடித்த பிறகு கூப்பிட்டார்.

“வாய்சோரார்னு சொல்லி வாய மூடல, அதுக்குள்ள சோர்ந்துட்டியேடா.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஆனா ஒண்ணு தம்பி, உன் நாக்கு தப்புப் பண்ணல. வள்ளுவர் 72ஆம் அதிகாரத்துல அவையை அறிஞ்சுக்கோங்கிறாரு. அதுக்கப்புறம் 73லதான் அஞ்சாதேங்கிறாரு. நீ 72ஐத் தாண்டிக் குதிக்கப் பார்த்த. நாக்கு உன்னப் பிடிச்சுப் பின்னால இழுத்துருச்சு. நாளைக்குக் காலையில வா.”

சனிக்கிழமை பள்ளி ஹால் காலியாகக் கிடந்தது. மேடையில் ஏற்றிப் பேச விடப் போகிறார் என்று நினைத்துப் போனவனை, “கடைசி வரிசையில போய் உட்காருடா” என்றார். அவர் மேடையில் நின்று ஏதோ பேசினார். ஃபேன் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. சொற்களின் கடைசி எழுத்துகள் வந்து சேரவே இல்லை. அவருடைய முகம் கட்டைவிரல் அளவுக்குத்தான் தெரிந்தது. அரை மணி நேரம் கழித்துக் கேட்டார்: “என் கை நடுங்குச்சு, பார்த்தியா?” இல்லை என்றேன். “நடுங்குச்சு. இங்கிருந்து அது தெரியாது. இது தெரிஞ்சா போதும், வீட்டுக்குப் போ.”

இருபது வருஷம் கழித்து இதே விஷயத்தை ஆராய்ச்சியாகப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இருவர் 2003இல் வெளியிட்டது. மேடையில் நிற்பவர் தன் பதற்றம் எல்லோருக்கும் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது என்று நினைக்கிறார், கேட்பவர்களுக்கோ அது அந்த அளவுக்குக் கண்ணில் படுவதில்லை. இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பேசுகிறவர் இன்னும் நன்றாகப் பேசுகிறார். ஐயா எனக்கு அதைச் சொல்லக்கூட இல்லை, கடைசி வரிசையில் உட்காரவைத்ததோடு சரி.

அடுத்த பாடம் மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதியில் நடந்தது. மாலையில் அங்கே சொற்பொழிவு நடக்கும். “பேசுறவருக்கு முதுகக் காட்டி உட்காரு, ஜனங்களைப் பாரு” என்றார். மரியாதைக் குறைவாக இருக்குமே என்று பயந்துகொண்டே தூண் ஓரமாகத் திரும்பி உட்கார்ந்தேன். ஒரு பாட்டி மல்லிகைப் பூக் கட்டிக்கொண்டிருந்தார். ஒருவர் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார். பேச்சு நன்றாக ஓடும்போதும் பாட்டியின் விரல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஒரே ஒரு இடத்தில் நார் அப்படியே நின்றது. அப்போது பேசியவர் குரலை உயர்த்தவும் இல்லை, கையை வீசவும் இல்லை. கொஞ்சம் நிறுத்தினார், அவ்வளவுதான். இன்றைக்கும் நான் எந்தக் கூட்டத்தில் பேசினாலும் பூக் கட்டும் கை ஒன்றைத் தேடுகிறேன். மெல்பர்னில் அது பெரும்பாலும் போனைத் தடவும் கையாக இருக்கிறது.

அன்றைக்குத் திரும்பும்போது மேலமாசி வீதி வழியாக நடந்து வந்தோம். 1921 செப்டம்பர் 22ஆம் தேதி காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு நாலு முழ வேட்டிக்கு மாறிய வீடு அங்கேதான் இருக்கிறது. அந்தக் கோலத்தில் அவர் ஜனங்கள் முன் வந்து நின்ற இடத்துக்குத்தான் காந்தி பொட்டல் என்று பெயர். “பம்பாய்ல முதல் கேஸ்ல எழுந்து நின்னவரு, தலை சுத்தி, வாயே திறக்காம உட்கார்ந்துட்டாரு. வேற வக்கீலப் பார்த்துக்கச் சொல்லிட்டு வந்துட்டாரு. அவருதான்டா இவரு” என்றார் ஐயா. “யார் முன்னால நிக்கப் போறோம்னு யோசிச்சு உடம்பத் தயார் பண்ணினவரு.” காந்தி அரை ஆடைக்கு மாறிய காரணம் இதைவிடப் பெரியது என்று பிற்பாடு எனக்குத் தெரிந்தது. ஆனாலும் ஐயா சொன்னதும் பொய்யில்லை.

1985இல், பதினொன்றாம் வகுப்பில், மதுரையில் ஒரு பேச்சுப் போட்டிக்கு என்னை அனுப்பினார்கள். உடம்பைப் பற்றிய பாடமெல்லாம் அந்தப் பதினைந்து நாளில்தான். முந்தின ராத்திரி பரோட்டா கூடாது. காலையில் இரண்டு இட்லி, வயிறு காலியாகவும் இருக்கக் கூடாது. விடிந்ததிலிருந்தே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். “மேடைக்குப் பக்கத்துல நின்னு சொம்பு சொம்பாக் குடிச்சா வயித்துலதான் கலகலங்கும், குரலுக்கு வராது.” இதில் விஷயம் இருக்கிறது. விழுங்குகிற தண்ணீர் குரல்நாண் பக்கம் போவதே இல்லை. உணவுக்குழாய் வழியே வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, அதன் பிறகுதான் அங்கே ஈரம் சேரும். அதற்கு நேரம் பிடிக்கும். மேடையில் குடிக்கும் ஒரு மடக்கு காய்ந்த வாயை நனைக்கும், அதற்கு மட்டும் சரி.

செருமக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். செருமும்போது குரல்நாண்கள் ஒன்றோடொன்று படாரென்று மோதிக்கொள்கின்றன. தொண்டை கமறினால் எச்சிலை விழுங்கச் சொல்வார். சட்டைப் பையில் பனங்கற்கண்டும் ஒரு துண்டு சித்தரத்தையும் இருக்கும். சித்தரத்தையைக் கன்னத்தில் அடக்கினால் எச்சில் ஊறும், அந்த மட்டில் நல்லதுதான். அதற்கு மேல் அது என்ன செய்யும் என்று ஐயா சொன்னதையெல்லாம் நான் இங்கே எழுதவில்லை. ஸ்டேஷனுக்கு நடக்கும்போது, தென்னந்தோப்பு ஓரமாக, வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று இழுக்கச் சொல்வார். உதடு கூச வேண்டும், அதுதான் அளவு. ரயில் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால் சமயநல்லூர் தாண்டும் வரை இழுத்துக்கொண்டே வருவேன். ஒரு பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு வேறு சீட்டுக்கு மாறிப் போனார்.

மூச்சு விஷயத்தில்தான் ஐயா மற்றவர்களிடமிருந்து அடியோடு மாறுபட்டார். பயமாக இருந்தால் மூச்சை நன்றாக இழுத்துவிடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஐயா, “இழுக்காத, விடு. ஊதுபத்தியை ஊதி அணைக்கிற மாதிரி ஊதாத, ஆறவைக்க ஊதுற மாதிரி ஊது” என்பார். நெஞ்சு பதறும்போது உள்ளே ஏற்கெனவே வேண்டிய காற்று இருக்கிறது. அதன் மேல் வேகமாக இழுத்து இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலைதான் கிறுகிறுக்கும். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடுகிறது, விடும்போது குறைகிறது. விடுவதை நீட்டினால் மனது அடங்குகிறதோ இல்லையோ, துடிப்பு கொஞ்சம் அடங்கும். கால் விஷயமும் இப்படித்தான். முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கிவிடும். சுதந்திர தின அணிவகுப்பில் பொத்தென்று விழுந்த நம் பையன்களை நினைத்துப் பாருங்கள்.

பேச்சில் அவர் மனப்பாடம் செய்யவைத்தது இரண்டே வாக்கியம், முதலும் கடைசியும். முதல் வாக்கியம் ஒரே மூச்சில் முடிய வேண்டும். எனக்குக் கிடைத்த தலைப்பு நான்காம் தமிழ்ச் சங்கம். நான் எழுதிப்போன ஐந்து வரி வணக்கத்தை அடித்துவிட்டு, “1901ஆம் ஆண்டு இதே ஊரில் ஒரு சங்கம் பிறந்தது” என்று எழுதிக் கொடுத்தார். பாண்டித்துரைத் தேவர் பெயர் அடுத்த வாக்கியத்தில்தான் வரும். “பேரைக் கேட்க ஜனங்க ஒரு நொடி காத்திருக்கட்டும். அந்த நொடியில நீ மூச்சு விட்டுக்கலாம்” என்றார்.

போட்டியன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், அந்த ஹாலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு பேசினேன். ஆறுதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டம்ளர். விளக்குத்தூண் பக்கம் ஐயா ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார். அதுவரை அது எனக்குத் தடைசெய்யப்பட்டிருந்த பொருள்.

இங்கே வேலைக்கு வந்த பிறகு மேடைப் பயிற்சி வகுப்பு என்று ஆபீஸில் இரண்டு முறை அனுப்பினார்கள். ஒன்றில், பேசப் போகும் முன் இடுப்பில் கை வைத்து இரண்டு நிமிடம் வீரன் மாதிரி நிற்கச் சொன்னார்கள், உடம்பில் ஹார்மோனே மாறிவிடுமாம். 2010இல் வந்த ஆராய்ச்சி அது. மற்றவர்கள் செய்துபார்த்தபோது அந்த ஹார்மோன் மாற்றம் வரவில்லை. அதை எழுதியவர்களில் ஒருவரே 2016இல், எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டார். இன்னொரு வகுப்பில் சொன்னது உருப்படியானது. ஆலிசன் வுட் புரூக்ஸ் என்பவர் 2014இல் வெளியிட்டது. ‘அமைதியாக இரு’ என்று தன்னைத்தானே அடக்கப் பார்ப்பதைவிட, ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்களாம். பயத்திலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஆசையிலும் அடித்துக்கொள்ளும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் விடிகாலையில் நமக்கெல்லாம் அடித்துக்கொள்ளாததா?

2011இல் ஊருக்குப் போனபோது ஐயாவை அவர் வீட்டுத் திண்ணையில் பார்த்தேன். பேச்சு எங்கெங்கோ போய்விட்டு, குறிப்பு எழுதும் அட்டையில் வந்து நின்றது. அவர் எந்தக் கூட்டத்திலும் காகிதத்தை வைத்துப் பேசியதில்லை. 15 காசு அஞ்சலட்டையில்தான் குறிப்பு எழுதிக்கொள்வார். சிக்கனம் என்று நாங்கள் கேலி செய்திருக்கிறோம்.

“சிக்கனமா? காகிதம் படபடன்னு ஆடும்டா. கார்டு ஆடாது” என்றார். “ரிட்டயர் ஆகுற அன்னைக்கு ஏற்புரையிலயும் எனக்கு நடுக்கம்தான்.”

“அப்ப எங்களுக்கு மட்டும் அஞ்சாதே, அஞ்சாதேன்னு சொன்னீங்களே ஐயா?”

“நான் எங்கடா சொன்னேன்? வள்ளுவரு சொன்னாரு. நான் கடைசி வரிசையில போய் உட்காருன்னுதான் சொன்னேன்.”

வரும் பொங்கல் விழாவில் என்னை இருபது நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். செயலாளருக்கு இந்த மலர் மூலமாகவே சொல்லிவிடுகிறேன். ஹால் சாவி ஒரு மணி நேரம் முன்னதாக வேண்டும். மேடையில் வைக்கும் தண்ணீரில் ஐஸ் போட வேண்டாம். கடைசி வரிசையில், கதவு ஓரத்து நாற்காலியை எனக்கு விட்டுவிடுங்கள். என் பெயரைக் கூப்பிடும் வரை அங்கேதான் இருப்பேன்.