பாலக்கோட்டு ஞாயிறும் ப்ளூரே மார்க்கும்

பாலக்கோட்டு மாமா பெரிய டிவி வாங்கியதிலிருந்து, ஞாயிறு வந்தால் தருமபுரியில் பஸ் ஏறிவிடுகிறேன், பையில் ப்ளூரே டிஸ்க்குகளோடு (டிவிடியைவிடத் துல்லியமாகப் படம் காட்டும் தட்டு). மார்க் எல்லாம் பத்துக்கு: சினிமாவுக்கு ஒன்று, திரையில் காட்சி எவ்வளவு தெளிவு என்கிற படத்தரத்துக்கு ஒன்று.

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா', 1962. படம் 9, படத்தரம் 10. வழக்கமான 35 மி.மீ.யைவிட அகலமான 65 மி.மீ. ஃபிலிம் நெகட்டிவில் எடுத்தது, 2012இல் 4கே தரத்தில் (குறுக்கே சுமார் நாலாயிரம் புள்ளி) புதுப்பித்தார்கள். கானலுக்குள்ளிருந்து ஒரு கரும்புள்ளி மெல்ல மெல்ல நடிகர் ஒமர் ஷெரீஃபாக, ஒட்டகமாக மாறுகிற காட்சியில் மாமா முறுக்கு கடிப்பதையே நிறுத்திவிட்டார். மே மாதத்து மத்தியானத்தில் நம்மூர் தார்ரோடு இப்படித்தான் நெளியும்.

அப்புறம் '28 டேஸ் லேட்டர்', 2002. படம் 8, படத்தரம் 4. "ஏம்ப்பா, திருட்டு விசிடியா?" என்றார் அத்தை. டிஸ்க் மேல் தப்பில்லை அத்தை. பெரும்பகுதியை எடுத்ததே கேனான் எக்ஸ்எல்1 என்ற டேப் கேமராவில். அதில் பதியாத நுணுக்கத்தை ப்ளூரேயின் 1080 கோடு எங்கிருந்து கொண்டுவரும்? ஆளில்லாத லண்டன் தெருவுக்கு அந்த அழுக்குப் படம் பொருத்தம்தான், என்னைக் கேட்டால்.

'பிளேடு ரன்னர் 2049' பாதியில் கரண்ட் போச்சு. ரோஜர் டீக்கின்ஸுக்கு ஒளிப்பதிவு ஆஸ்கர் வாங்கித்தந்த படம், அதற்கு அரைகுறையாக மார்க் போட மனசு வரவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி முதலிலிருந்து.